முதலில் குழாய், அப்புறம் கூலர்: சிபி750-இல் ஆயில் லைன் மாற்றிய வேலை

கஸ்டம் பைக்கில் ஆயில் அதிகமாகச் சூடாகிறது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கூலர். எனக்கு வருவது பம்புக்கு ஆயில் கொண்டுவரும் குழாய். இந்த வரிசையில் எனக்குப் பிடிவாதமே உண்டு. என்னிடம் இருக்கும் ஹோண்டா சிபி750-இல் ஆயில் லைன்களை ஒன்று விடாமல் மாற்றி முடித்த பிறகுதான் கூலரைக் கையில் எடுத்தேன். என்ன செய்தேன், எதை அளந்தேன், ஏன் அப்படி என்று எழுதி வைக்கிறேன். உங்களுடையது வேறு என்ஜினாக இருந்தாலும், தனி ஆயில் டேங்க் உள்ள பழைய பைக் என்றால் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிபி750 வந்தது 1969-இல். 736 சிசி, குறுக்கு வரிசையில் நான்கு சிலிண்டர், சிலிண்டர் தலையில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் (கேம்) ஒன்றே, குளிர்வது காற்றில். ட்ரை சம்ப் வகை என்பதால் ஆயில் என்ஜினுக்கு அடியில் தேங்கி நிற்காது. வலப்பக்க சைடு கவருக்குப் பின்னால் உள்ள டேங்கில் இருக்கும். பம்புக்குள் இரண்டு ஜோடி ரோட்டர். ஒரு ஜோடி டேங்கிலிருந்து ஆயிலை இழுத்து ஃபில்டர் வழியாகப் பேரிங்குகளுக்கும் கேமுக்கும் அழுத்தி அனுப்பும். இன்னொரு ஜோடி, வேலை முடிந்து சம்பில் (என்ஜினின் அடித்தொட்டியில்) வந்து விழும் ஆயிலை அள்ளி டேங்குக்குத் திருப்பிவிடும். சம்ப் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதால் அள்ளும் ஜோடிக்குத் திறன் அதிகம். ஆயில் தீர்ந்தால் காற்றையும் சேர்த்து அள்ளும். அதனால் திரும்பும் லைனில் வருவது ஆயிலும் காற்றும் கலந்த நுரை. கூலரை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இந்த விஷயம் தேவைப்படும். கியர்பாக்ஸும் கிளட்சும் இதே ஆயிலில்தான் ஓடுகின்றன. மொத்தக் கொள்ளளவு 3.5 லிட்டர்.

பைக் என் கைக்கு வந்தபோதே கஸ்டமாகத்தான் வந்தது. சைடு கவர் கிடையாது, காற்று வடிகட்டிப் பெட்டியான ஏர்பாக்ஸ் கிடையாது, ஃபிரேமின் நடுவில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பார்க்கலாம். அந்த வெட்டவெளி கிடைப்பதற்காக ஒரிஜினல் ஆயில் டேங்கைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் அலுமினியத் தகட்டில் சின்னதாக ஒரு டேங்க் செய்து வைத்திருந்தார்கள். வெல்டிங் சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் கொள்ளளவு ஒரிஜினலைவிடக் குறைவு. மேலே சீட், பக்கத்தில் பேட்டரி, காற்று படவே வழியில்லை. குறைவான ஆயில் அதே அளவு சூட்டைச் சுமக்க வேண்டும், சுமந்ததை இறக்கி வைக்கவும் இடமில்லை. இப்படிப்பட்ட பைக்கில் ஆயில் கொதிப்பதில் ஆச்சரியமில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளந்தேன். டேங்கின் ட்ரெய்ன் போல்ட்டில் துளை போட்டு ஒரு கே-டைப் தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) உட்கார வைத்தேன். அங்கே கிடைப்பது பம்புக்குள் போகப்போகும் ஆயிலின் சூடு. பேரிங்குக்கு முக்கியமானது அதுதான். பேரிங்குகளுக்கு ஆயில் பிரியும் முக்கியப் பாதையான மெயின் கேலரியில் ப்ளக் இருந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜ். டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. அழுத்தம் கிட்டத்தட்ட போய்விட்ட பிறகுதான் அது எரியும்.

சீரான வேகத்தில் நீண்ட ஓட்டத்துக்கு ஆயில் 114 டிகிரி செல்சியஸில் நின்றது. அதற்குப் பிறகு நெரிசலில் ஊர்ந்தால் 130-ஐத் தாண்டியது. காற்றில் குளிரும் என்ஜினுக்கு 90 முதல் 110 வரை நல்ல இடம். சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. மினரல் ஆயிலை 130-இல் வைத்து ஓட்டினால் மாற்ற வேண்டிய நாளுக்கு வெகு முன்பே கறுத்து, அதன் பிசுக்கும் போய்விடும். அதே சமயம் 80-க்குக் கீழேயே ஓடுவதும் கெடுதல். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் என்ஜினின் கீழ்க்கூடான கிராங்கேஸுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகி பிரீதர் (காற்றுப்போக்கி) வழியாக வெளியேறும். இல்லையென்றால் டேங்க் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பசை படியும்.

சூட்டைவிட என்னை யோசிக்க வைத்தது பிரஷர் கேஜ். ஆயில் குளிர்ந்திருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் திறந்தால் முள் ஏறும். 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் ஏறுவதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கும். ஆயில் சூடான பிறகு அந்த நடுக்கம் இல்லை. பம்ப் தேய்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்: குளிரில் நன்றாக இருக்கும், சூட்டில் விழும். குளிரில் நடுங்கினால் பம்ப் கேட்கிற அளவுக்கு ஆயில் அதன் வாய்க்கு வந்து சேரவில்லை என்று பொருள். வராத ஆயிலின் இடத்தில் வெற்றிடக் குமிழ்கள் உண்டாகின்றன, முள் அதைத்தான் காட்டுகிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், இழுக்கும் பக்கத்தில் நமக்கு இருக்கும் பலம் மிகக் குறைவு. தள்ளும் பக்கம் பம்ப் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) வரை கொடுக்கும். இழுக்கும் பக்கம் பம்புக்கு ஆயிலைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே, அது 14.7 பிஎஸ்ஐ. முழு வெற்றிடத்தை உண்டாக்கினாலும் அதற்கு மேல் ஒரு துளி கிடைக்காது. டேங்க் உயரத்தில் இருப்பதால் ஆயில் தானாக இறங்கிவிடும் என்று சொல்வார்கள். 30 சென்டிமீட்டர் உயர ஆயில் தரும் அழுத்தம் அரை பிஎஸ்ஐகூட இல்லை. இன்னொரு பக்கம், 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் இருக்கும்போது 100 டிகிரியில் இருப்பதைவிட எட்டு ஒன்பது மடங்கு கெட்டியாக இருக்கும். இந்தக் கெட்டி ஆயிலை இந்தச் சொற்ப அழுத்தத்தில் நகர்த்த வேண்டுமானால் வழி அகலமாகவும் நேராகவும் இருந்தாக வேண்டும்.

டேங்கிலிருந்து பம்புக்குப் போன ஹோஸைக் கழற்றினேன். வெளியே பார்க்க நல்ல கறுப்பு ரப்பர், விரிசல் எதுவும் இல்லை. கையில் எடுத்து வளைத்தால் மரக்கட்டை மாதிரி விறைப்பு. நீளவாக்கில் கத்தியால் கீறித் திறந்தேன். உள் சுவர் மெல்லிய தோலாகப் பிரிந்து, கிளிப் கடித்திருந்த இடத்திலிருந்து சுமார் இரண்டு விரல் நீளத்துக்கு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி ஆயில் ஓடும் திசையிலேயே மடிந்து பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. இழுவை அதிகமானால் அது எழுந்து குறுக்கே நிற்கும், இழுவை குறைந்தால் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஹோஸ் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தால் அது காற்றுக்கான ஹோஸ். சூடான ஆயிலைத் தாங்கும் ரப்பரே இல்லை. எப்போது மாட்டியது என்று தெரியாத ரப்பர் லைன் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சோதித்துப் பார்த்துத் தப்பவிட வேண்டிய பொருள் அல்ல அது.

மாற்று என்று வந்ததும் பின்னல் கம்பி போட்ட ஹோஸும் ஏஎன் (ஆர்மி-நேவி அளவுமுறை) ஃபிட்டிங்கும் என்று முடிவு செய்தேன். இங்கே அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். ஏஎன் எண் ஒவ்வொன்றும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஏஎன்-8 என்றால் பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலம். ஒரிஜினல் லைனும் ஏறக்குறைய அரை அங்குலம்தானே, சரியாகப் போயிற்று என்று தோன்றும். ஆனால் அந்த எண் குறிப்பது அதற்கு இணையான உலோகக் குழாயின் வெளி விட்டத்தை. பின்னல் ஹோஸின் உள் விட்டம் அதைவிடக் குறைவு. வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஏஎன்-8 ஹோஸின் உள்ளே சுமார் 11 மி.மீ., ஃபிட்டிங்கின் கழுத்தில் சுமார் 10 மி.மீ. தான் இருந்தது. கெட்டியான ஆயில் மெதுவாக ஓடும்போது குழாயின் தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 12.7 மி.மீ. வழியை 10 ஆக்கினால் அந்தத் துண்டில் தடை 2.6 மடங்கு. பளபளவென்று புது லைன் போட்டுவிட்டு, பழையதைவிட மோசமான இழுவையை விலைக்கு வாங்கியதாகிவிடும். அதனால் டேங்கிலிருந்து பம்புக்கு ஏஎன்-10. திரும்பும் லைனில் தள்ளுவது பம்ப் என்பதால் ஏஎன்-8 போதும்.

ஃபிட்டிங்கின் வளைவும் கணக்கில் சேரும். 90 டிகிரி ஃபிட்டிங்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று கட்டியில் குறுக்காகத் துளைத்து எல் வடிவில் செய்தது. உள்ளே கூர்மையான மூலை இருக்கும். இன்னொன்று குழாயை வளைத்துச் செய்தது. இழுக்கும் லைனில் முதல் வகையை நான் தொடுவதே இல்லை. நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டும் அப்படித்தான். குறைவான இடத்தில் அழகாகத் திரும்பும், ஆனால் போல்ட்டின் நடுத்துளை வழியாகவும் பக்கத்துளைகள் வழியாகவும் நெருக்கியடித்துக்கொண்டுதான் ஆயில் போக வேண்டும். தள்ளும் பக்கம் அது சரி. இழுக்கும் பக்கம் வேண்டாம். டேங்கின் கீழ்வாயைக் கொஞ்சம் சாய்த்து மறுபடி வெல்டிங் செய்யச் சொன்னதால் 45 டிகிரி ஃபிட்டிங் ஒன்றிலேயே வேலை முடிந்தது.

மரைகளைக் கலக்கக் கூடாது. அமெரிக்கக் குழாய் மரையான என்பிடியின் கோணம் 60 டிகிரி, பிரிட்டிஷ் குழாய் மரையான பிஎஸ்பியின் கோணம் 55. எட்டில் ஒரு அங்குல அளவில் முன்னதற்கு அங்குலத்துக்கு 27 மரை, பின்னதற்கு 28. கையால் திருகினால் இரண்டு சுற்று ஏறும், பொருந்திவிட்டது போலவே இருக்கும். ஸ்பேனர் போட்டால் அலுமினிய கேஸிங்கின் மரை போய்விடும். ஏஎன் ஃபிட்டிங்கின் சாய்வுமுகம் 37 டிகிரி. பொதுவாகக் கிடைக்கும் 45 டிகிரி பிளம்பிங் ஃபிட்டிங்கோடு அது உட்காராது. அப்புறம் டெஃப்லான் டேப். ஏஎன் இணைப்பில் அடைப்பது உலோக முகம்தான், மரை அல்ல. டேப் சுற்றுவதால் பயன் இல்லை, ஆபத்து உண்டு. பிய்ந்த இழை ஒன்று ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் உள்ளே போனால் கேமுக்கு ஆயில் போகும் துளையில் போய் உட்காரும். இந்த என்ஜினில் அந்தத் துளைகள் மிகச் சிறியவை.

ஹோஸ் வெட்டும் வேலையை அவசரமில்லாத நாளில் வைத்துக்கொண்டேன். வெட்டுமிடத்தில் டேப்பை இறுக்கமாக மூன்று நான்கு சுற்று சுற்றி, நடுவில் நுண்பல் ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். டேப் இல்லாமல் அறுத்தால் பின்னல் பூவாக விரிந்துவிடும், பிறகு எந்த சாக்கெட்டிலும் (ஃபிட்டிங்கின் வெளிக்கூடு) நுழையாது, விரலும் கிழியும். அறுத்த பிறகு உள்ளே பார்த்தால் ரப்பர் தூளும் முடி போன்ற கம்பித் துணுக்கும் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, கம்ப்ரெஸர் காற்று அடித்து, மெல்லிய துணியை ஒரு முனையில் நுழைத்து மறுமுனையில் இழுத்து, துணி சுத்தமாக வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். பிறகு ஹோஸை சாக்கெட்டுக்குள் அதன் மரை தொடங்கும் இடம்வரை தள்ளி, சாக்கெட் முடியும் இடத்தில் ஹோஸைச் சுற்றி ஒரு கோடு போல டேப். ஹோஸின் உள்ளே போகும் நிப்பிளுக்கு ஆயில் தடவித் திருகும்போது அது ஹோஸைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கும். டேப் சாக்கெட்டை விட்டு விலகினால் ஹோஸ் வெளியே வருகிறது என்று உடனே தெரிந்துவிடும். அப்படியானால் முழுவதும் பிரித்து மறுபடி தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. கடைசியில் நட்டுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே ஒரு மி.மீ. இடைவெளி இருந்தால் சரி.

கட்டி முடித்த ஒவ்வொரு லைனையும் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தேன். பின்னலுக்குள் சிக்கியிருந்த காற்று முதலில் கொஞ்ச நேரம் குமிழியாக வரும், பயப்பட வேண்டாம். நின்ற பிறகும் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்தால்தான் கசிவு. இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. ஆயில் டேங்க் இருப்பது பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். ஒரு ஃபிட்டிங் கழன்றால் ஆயில் கொட்டுவது டயரில். அதனாலேயே நட்டுகளின் மூலையில் துளை போட்டு, இறுகும் திசையில் இழுத்துப் பிடிக்கும்படி லாக் ஒயர் கட்டினேன்.

பின்னல் கம்பி எதன்மேல் உரசினாலும் அறுத்துவிடும். ஃபிரேம் பெயிண்ட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அலுமினிய கேஸிங்கில்கூடப் பள்ளம் போடும். உரசக்கூடிய இடங்களில் எல்லாம் ரப்பர் உறை மாட்டி, பி-கிளிப் வைத்து ஃபிரேமோடு பிடித்தேன். என்ஜின் அதிரும்போது ஹோஸ் ஆட இடம் வேண்டும், அதனால் இழுத்துக் கட்டவில்லை.

டேங்கிலும் கை வைக்க வேண்டியிருந்தது. திரும்பும் ஆயில் உள்ளே விழுந்த இடத்துக்கு நேர் கீழேயே பம்புக்குப் போகும் வாய் இருந்தது. வருகிற நுரை அப்படியே மறுபடி பம்புக்குள் போகும் ஏற்பாடு. உள்ளே ஒரு சாய்தகட்டை வெல்டிங் செய்து, திரும்பும் ஆயில் அதன்மேல் பரவி வழிந்து, காற்றை விட்டுவிட்டு இறங்கும்படி மாற்றினோம். வெளியேறும் வாய் அடித்தட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. கசடு கீழேயே தங்கிவிடும். அதன்மேல் அகலமான கண்ணி உள்ள வலை. நெருக்கமான வலை வைத்தால் அதுவே இழுக்கும் பக்கத்தில் தடையாகிவிடும். பக்கவாட்டில் ஒரு அறை சேர்த்துக் கொள்ளளவையும் ஒரிஜினல் அளவுக்குக் கொண்டுவந்தோம். மேலே நுரைக்கு இடம் விட்டு, பிரீதர் வாயை அகலமாக்கினோம். அள்ளும் பம்ப் காற்றையும் சேர்த்தே அனுப்புகிறது. அது வெளியேற வழியில்லையென்றால் டேங்கில் அழுத்தம் ஏறி மூடி வழியாக ஆயில் பீறிடும். வெல்டிங் முடிந்த டேங்கைக் கழுவிக் கழுவி, காந்தத்துக்கு ஒட்டாத அலுமினியத் துகள் ஒன்றுகூட வடிகட்டித் துணியில் தென்படாத பிறகே மாட்டினேன்.

சிபி750 வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லை ஒன்று: பைக் நாள் கணக்கில் நின்றால் டேங்கில் உள்ள ஆயில் மெதுவாக என்ஜினுக்குள் இறங்கி சம்ப் நிறைந்துவிடும். இதற்காகச் சிலர் இழுக்கும் லைனில் ஒரு பால் வால்வு வைத்து, நிறுத்தும்போது மூடிவிடுகிறார்கள். நான் இதை முழுமனதோடு எதிர்க்கிறேன். ஒரே ஒரு முறை திறக்க மறந்தால் போதும், பேரிங் எல்லாம் போய்விடும். வால்வு திறந்திருந்தால்தான் இக்னிஷன் வேலை செய்யும்படி சுவிட்ச் வைக்கலாம் என்பார்கள். அந்த சுவிட்சும் ஒரு நாள் கெட்டுப்போகும் பொருள்தான். இந்த இறக்கத்தைத் தடுக்க ஹோண்டாவே பம்பில் ஒரு தடுப்பு வால்வு வைத்திருக்கிறது. அதன் ரப்பர் வளையம் வயதாகி இறுகிப்போவதுதான் காரணம். பம்பைக் கழற்றி அந்த வளையங்களை மாற்றினேன், இறக்கம் நின்றது. என்ஜின் பக்க இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகளையும் அதே கையோடு விட்டான் வகை ரப்பருக்கு மாற்றிவிட்டேன். சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட அதிக சூடு தாங்கும்.

லைன்கள் முடிந்தன. கூலர் இல்லாமலேயே முதலில் ஓட்டிப் பார்த்தேன். குளிர்ந்த ஆயிலில் முள் நடுங்குவது அறவே நின்றுவிட்டது. சீரான வேகத்தில் சூடு 114-இலிருந்து 107-க்கு இறங்கியது. ஆயிலின் அளவு கூடியது, நுரை குறைந்தது, டேங்குக்கு அடியில் காற்றுக்கு ஒரு வழி விட்டது ஆகிய மூன்றும் சேர்ந்து கொடுத்தது இது. நெரிசலில் மட்டும் இன்னும் 125-ஐத் தொட்டது.

கூலர் வாங்கும் முன் ஒன்றைச் சரிபார்த்தாக வேண்டும்: என்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறதா? இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தால் எரிதல் எக்ஸாஸ்ட் வரை நீளும், தலை கொதிக்கும். ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டுத் தனி ஃபில்டர் மாட்டிய கஸ்டம் பைக்குகளில் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஜெட்டை மாற்றாமல் விட்டிருந்தால் கலவையில் பெட்ரோல் போதாது, அதுவும் சூடு. இந்த இரண்டையும் சரி செய்யாமல் கூலர் வைப்பது காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது மாதிரி. மேலும் ஆயில் கூலர் சிலிண்டர் தலையை நேரடியாகக் குளிர்விக்கும் என்று எண்ண வேண்டாம். 1985-இல் வந்த சுசூக்கி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750-இல் எரியறையின் கூரைமேல் ஆயிலைப் பீய்ச்சி அடிக்கத் தனி ஏற்பாடு இருந்தது. அங்கே ஆயில்தான் குளிர்விக்கும் திரவம். சிபி750-இல் தலைக்குப் போகும் ஆயில், கேமையும் அது அசைக்கும் ராக்கரையும் நனைக்கும் அளவுதான். இங்கே கூலரின் வேலை ஆயிலைக் காப்பாற்றுவது, அவ்வளவுதான்.

எங்கே இணைப்பது? இரண்டு வழி. ஃபில்டர் ஹவுசிங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் (ஆயிலை வெளியே எடுத்துத் திருப்பும் தகடு) வைத்தால் பம்ப் தள்ளும் ஆயில், நுரை இல்லாமல், முழு அழுத்தத்தோடு கூலருக்குப் போய் வரும். குளிர்விப்பது நன்றாக இருக்கும். ஆனால் பேரிங்குக்குப் போகும் பாதையில் கூலரும் இரண்டு ஹோஸும் நான்கு ஃபிட்டிங்கும் சேர்கின்றன. அதில் ஒன்று உடைந்தால் பம்ப் இருக்கும் ஆயிலை எல்லாம் சாலையில் கொட்டிவிடும். திரும்பும் லைனில் வைத்தால் அழுத்தம் குறைவு, பேரிங்கின் பாதை தொடப்படாமல் அப்படியே இருக்கும். குறை என்னவென்றால் அங்கே வருவது நுரை, காற்று கலந்த ஆயில் சூட்டைச் சரியாகக் கைமாற்றாது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். கொஞ்சம் பெரிய கூலரை வைத்து அந்தக் குறையை ஈடுகட்டலாம். முதல் வழியில் உள்ள ஆபத்துக்கு ஈடு கிடையாது.

பத்து வரிசை கொண்ட பிளேட் வகை கூலர் போட்டேன். புதியது. பழைய கூலரை, அதுவும் என்ஜின் உடைந்த வண்டியிலிருந்து எடுத்ததை, எவ்வளவு கழுவினாலும் நம்பக் கூடாது. உள் மடிப்புகளில் உலோகத் துகள் தங்கியிருக்கும். வாய்கள் கீழே பார்த்தபடி வைத்தால் மேல்பகுதியில் காற்று சிக்கிக்கொண்டு பாதிக் கூலர் சும்மா நிற்கும். அதனால் பக்கவாட்டில் நிறுத்தி, ஆயில் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேறும்படி வைத்தேன். காற்றும் கூடவே வெளியேறிவிடும். நான்கு மூலையிலும் ரப்பர் புஷ். நேராக ஃபிரேமில் முடுக்கினால் அதிர்வில் கூலரைப் பிடிக்கும் காதுகள் விரிசல் விடும்.

இடம் பார்ப்பதில் நிறைய யோசித்தேன். காற்றில் குளிரும் என்ஜினின் தலைக்கு முன்னால் கூலரை வைத்தால் ஆயிலுக்குக் கிடைக்கும் காற்று தலைக்குக் கிடைக்காது. அட்டையில் கூலர் அளவுக்கு ஒன்று வெட்டி, ஃபிரேமின் முன்குழாய்களுக்கு இடையே வெவ்வேறு உயரத்தில் கட்டி, சிலிண்டர் தலையின் துடுப்புகளுக்கு முன்னால் துண்டு துண்டாகக் கம்பளி நூல் தொங்கவிட்டு ஓட்டினேன். பக்கத்தில் ஒருவர் வண்டியில் கூடவே வந்து படம் பிடித்தார். அட்டை நடுவில் இருந்தபோது நூல்கள் துவண்டு தொங்கின. ஸ்டியரிங் தலைக்குக் கீழே உயரத்தில் கட்டியபோது பின்னோக்கி நேராகப் பறந்தன. அங்கேயே வைத்தேன்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் கூலர் வைக்கவே கூடாது. லைனில் வைக்கும் நான்கு வாய் தெர்மோஸ்டாட் ஒன்று: 80 டிகிரிக்குக் கீழே ஆயில் குறுக்குவழியில் டேங்குக்கே போய்விடும், அதற்கு மேல் கூலர் பக்கம் திறக்கும். மூடியிருக்கும்போதும் சிறிதளவு ஆயில் கூலருக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால், திறந்தவுடன் குளிர்ந்த ஆயில் மொத்தமாக வந்து விழுவதில்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் ப்ளக் எல்லாவற்றையும் கழற்றி, இழுக்கும் லைனைக் கையால் ஆயில் ஊற்றி நிரப்பி, கேஜில் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றினேன். ஃபில்டரையும் புதிதாக மாற்றினேன். அதில் ஒரு சிறு எச்சரிக்கை: ஹவுசிங்குக்குள் ஸ்பிரிங், அதன்மேல் ஒரு வாஷர், அதன்மேல் ஃபில்டர். பழைய ஃபில்டரின் அடியில் அந்த வாஷர் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடுவது வழக்கம். அது இல்லையென்றால் ஸ்பிரிங் ஃபில்டருக்குள் ஏறிவிடும், ஆயில் வடிகட்டப்படாமல் ஓடும்.

ஓட்டி வந்து நிறுத்தியதும் சம்பின் ட்ரெய்ன் போல்ட்டைத் திறந்து எவ்வளவு ஆயில் வருகிறது என்று பார்த்தேன். திரும்பும் லைனில் கூலர் தடையாக இருந்தால் சம்பில் ஆயில் தேங்கியிருக்கும். கால் லிட்டர்கூட வரவில்லை. அள்ளும் பம்புக்கு மூச்சு முட்டவில்லை என்று அர்த்தம்.

இப்போது சீரான வேகத்தில் 96 முதல் 99. நெரிசலில் 115 வரை போகிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் கூலரால் அதிகம் செய்ய முடியாது. கிளம்பியதும் வேகம் பிடித்தால் சில நிமிடங்களில் நூறுக்குக் கீழே வந்துவிடுகிறது. சூடான ஐட்லிங்கில் அழுத்தம் முன்பைவிடத் தெளிவாகக் கூடியிருக்கிறது, முள் அசையாமல் நிற்கிறது. ஆயில் மட்டத்தை என்ஜினைச் சூடாக்கி நிறுத்திய உடனே, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்க்கிறேன். குளிர்ந்த பிறகு பார்த்தால் கூலரிலும் லைனிலும் உள்ளது கணக்கில் குழப்பம் செய்யும்.

அழுத்தம் சரியானதில் ஒரு பழைய குறையும் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. கேம் கவரின் ஓரத்தில் மெல்லிய ஈரம். ராக்கர் பக்கத்து ரப்பர் அடைப்புகள் இறுகிப்போயிருக்க வேண்டும். இந்த ஃபிரேமில் என்ஜினை இறக்காமல் அந்தக் கவரைத் தூக்க இடமில்லை. அடுத்த முறை என்ஜின் கீழே வரும்போது அந்த அடைப்புகளையும், தலைக்கு ஆயில் போகும் துளைகளின் ஓ-ரிங்குகளையும் சேர்த்தே மாற்ற எடுத்து வைத்திருக்கிறேன்.